சாப்பிடாத இரண்டு பேர்

எலிசா சோளமாப் பைக்கற்றை யன்னலோரம் கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை மூன்றாம் தடவையாக வாசித்தாள். வீட்டில் மின்சாரம் இல்லாமற்போய் இது மூன்றாவது நாள். யன்னலுக்கு வெளியே மேப்பிள் மரத்தின் பாதி முறிந்து வேலியின்மேல் கிடந்தது. ஒவ்வொரு சுள்ளியையும் சுற்றி விரல் தடிப்பில் பனிக்கட்டி. ‘ப்ளே’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்றுதான் அவள் தேடினாள். பிரெஞ்சில் ப்ளே என்றால் கோதுமை. இல்லை. கோதுமை கலந்திருக்கலாம் என்று எச்சரிக்கும் கடைசி வரியும் இல்லை. ஆனால் இது அவள் வழக்கமாக வாங்கும் சோளமா அல்ல. பெரிய கடைகள் எல்லாம் இருட்டில் பூட்டிக் கிடந்தன. இரண்டு தெரு தள்ளியிருந்த டெப்பனர் என்கிற சிறுகடையில், கடைக்காரர் ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, கீழ்த்தட்டின் மூலையிலிருந்து எடுத்த ஒரேயொரு பைக்கற் இது. தெரியாத பெயர். தெரியாத ஆலை. அந்த ஆலையில் இதற்கு முதல்நாள் என்ன அரைத்தார்களோ.

மகள் ஜொய்சிக்கு ஒன்பது வயதில் சீலியாக் வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு ஒரு வருடமாக வயிற்றுநோ, வாந்தி, கையும் காலும் ஈர்க்குப்போல் மெலிந்தது. கோதுமை ஒரு துகள் வயிற்றுக்குள் போனாலும் குடல் தன்னையே அரித்துக்கொள்ளும் என்று டொக்டர் படம் கீறிக் காட்டினார். அன்றிலிருந்து ஆறு வருடமாக எலிசா இந்த ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளின் பின்பக்கத்தையும் வாசித்திருக்கிறாள். பாண் நின்றது. றொட்டி நின்றது. மற்றவர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு ஜொய்சியின் சாப்பாடு தனிப் பெட்டியில் போனது. எலிசா ஒரு கார்டெறியில், பிள்ளைகள் காப்பகத்தில், சிறுபிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். அங்கே அவளோடு வேலை செய்த ஹெயிட்டிக்காரி ஒருத்திதான் சோளமாவில் பாண் சுடலாம் என்று காட்டிக்கொடுத்தாள். கோதுமை ஒரு சிட்டிகையும் வேண்டாம், ஆனால் கனத்த இரும்புச் சட்டி வேண்டும் என்றாள். கோடையில் தெருவோரத்தில் பழைய சாமான் விற்ற ஒருவரிடம் நீட்டுக் கைபிடி வைத்த இரும்புத் தாச்சி ஒன்றை எலிசா வாங்கி, மூன்று நாள் உரஞ்சி, எண்ணெய் பூசிப் பதப்படுத்தினாள். அதில் வேறெதுவும் சமைப்பதில்லை. பயம் என்று எலிசாவுக்கு வந்ததெல்லாம் அந்த வருடங்களில் வாய்வழியாகத்தான் வந்தது. பிள்ளை எதைத் தின்றாள், யார் கொடுத்தது, எந்தக் கரண்டியால் கிண்டினார்கள். வேறு பக்கத்தைப் பார்க்க அவள் பழகவில்லை.

புதன்கிழமை உறைமழை பெய்தது. மதியத்துக்குள் கம்பிகள் அறுந்து விழுந்தன. அடுப்பும் மின்சாரம், சுவரோரச் சூடாக்கிகளும் மின்சாரம். அன்றிரவு பானையில் இருந்த சோறு முடிந்தது. வியாழன் முழுவதும் ஜொய்சி வாழைப்பழமும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் தின்றாள். குளிருக்கு ஒதுங்கலாம் என்று முனிசிப்பாலிற்றிக்காரர் திறந்துவிட்ட மண்டபத்தில் சான்ட்விச் கொடுத்தார்கள், அவளுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்குள் ஏழு பாகை. கதைத்தால் வாயிலிருந்து ஆவி வந்தது.

எலிசாவின் கணவன் வலன்ரைன் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றுபவன். உயிர்த்தஞாயிறு விடுமுறைக்குச் சனம் பறந்துகொண்டிருந்ததால் லீவு இல்லை என்றுவிட்டார்கள். போகுமுன் அவன் கொட்டிலில் கிடந்த சிறிய கரி பார்பிக்யூ அடுப்பைத் தூக்கிவந்து, குசினிக்குப் பின்னால் கண்ணாடி அடைத்த விறாந்தையில் வைத்தான். வெளியே வைக்க வழியில்லை. கூரை விளிம்பிலிருந்து முழ நீளப் பனிக்கட்டிகள் நிமிடத்துக்கொன்றாய் விழுந்துகொண்டிருந்தன.

“வெளிக்கதவைத் திறந்து வைச்சிட்டுத்தான் மூட்டோணும், விளங்குதோ,” என்றான். “சுட்டு முடிஞ்சவுடன தண்ணி ஊத்தி அணைச்சுவிடு.”

“ஓம், ஓம். நீங்கள் பாத்துப் போங்கோ. றோட்டு சறுக்கும்.”

எலிசாவின் கைத்தொலைபேசி செத்துப்போய்க் கிடந்தது. வேலையிடத்தில் சார்ஜ் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று அதையும் எடுத்துக்கொண்டு போனான். ஜொய்சியின் தொலைபேசியில் பதினாறு வீதம் மிச்சமிருந்தது.

அன்று பெரிய வெள்ளி. எலிசா ஒருசந்தி நோன்பு. மூன்று மணி ஆராதனை முடியும்வரை தேத்தண்ணிகூட வாயில் வைப்பதில்லை என்பது அவள் பதின்மூன்று வயதிலிருந்து விடாமல் வைத்திருக்கிற ஒழுங்கு. கோயிலிலும் மின்சாரம் இல்லை, ஆராதனையும் இல்லை. ஆனாலும் வயிற்றைச் சும்மா வைத்திருந்தாள். பதினொரு மணிபோல் விறாந்தையின் வெளிக்கதவைத் திறந்து, ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து, கரியை மூட்டினாள். கரி கணகணவென்று சிவந்ததும் வெறும் தாச்சியைக் கம்பியின்மேல் வைத்துக் காயவிட்டாள். யன்னலுக்கு வெளியே பெட்டியில் குளிரில் வைத்திருந்த பாலை மணந்து பார்த்தாள். கொஞ்சம் புளித்திருந்தது, சோளப் பாணுக்குப் புளித்த பால் நல்லதுதான், என்றாலும் இரண்டாவது தரமும் மணந்தாள். இரண்டு முட்டை, பால், உப்பு, ஒரு கரண்டி சீனி, அப்பமாவுக்குப் போடுகிற சோடாவைப்போல் பொங்க வைக்கும் பவுடர், அந்தச் சோளமா. மா ஈரமணல்போல் சட்டிக்குள் சரிந்து மெல்ல மெல்லக் குழைந்தது. தாச்சியில் பட்டர்க் கட்டியை விட்டதும் அது நுரைத்து ஓடி விளிம்பில் மண்ணிறமாகியது. அந்த நேரம் பார்த்துக் கலவையை ஊற்றவேண்டும், ஊற்றினாள். ஓரம் முழுவதும் சீறியது. பானை மூடியொன்றால் மூடி, மூடியின்மேலும் நாலைந்து தணல் எடுத்து வைத்தாள். மேலும் கீழும் நெருப்பு. இருபத்தைந்து நிமிடம். மூடியைத் தூக்கியபோது நடுவில் வெடித்து, ஓரம் கருகாமல் பொன்னிறமாய் நின்றது. மூன்று நாளில் அவள் செய்த ஒரேயொரு சரியான காரியம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

மேல்வீட்டில் சண்முகலிங்கம் தனியாக இருந்தார். எழுபத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்தார். முப்பது வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு ஓய்வில் இருப்பவர். மகன் ரொறொன்ரோவில். எலிசா படியேறிப்போய்க் கதவைத் தட்டியபோது ஓவர்கோட்டும் தொப்பியும் போட்டபடி கட்டிலில் இருந்தார்.

“ஐயா, கீழ வாங்கோ. கொஞ்சம் நெருப்பு கிடக்கு. சுடச்சுடச் சாப்பிடலாம்.”

“உங்களுக்கேன் பிள்ளை கரைச்சல்,” என்றார். ஆனால் உடனே எழுந்தார்.

குசினி மேசையில் தாச்சியை வைத்து, ஜொய்சிக்கு ஒரு பெரிய துண்டும் ஐயாவுக்கு ஒரு துண்டும் வெட்டினாள். ஜொய்சி கைசுட ஊதி ஊதித் தின்றாள். இரண்டாவது துண்டையும் எடுத்தாள். சண்முகலிங்கம் தட்டைக் கையில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, “பேந்து சாப்பிடுறன் பிள்ளை, ஆறட்டும்,” என்றார். அவருடைய கை நடுங்கியதில் தட்டில் கரண்டி தடதடவென்று அடித்தது. உதடு நீலம்.

அதைப் பார்த்தபிறகுதான் எலிசா அதைச் செய்தாள். விறாந்தையில் அடுப்பு இன்னும் சிவந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றி அணைக்கப் போனவள், அந்தச் சூட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு கிழவன் விறைக்கிறான், வெளியே இவ்வளவு சூடு வீணாகிறது. புகை இல்லை, கரி நீறுபூத்துச் சுத்தமாகக் கனன்றுகொண்டிருந்தது. புகை வந்தால் கூரையில் இருக்கிற அலாரம் கத்தும்தானே. அவள் செங்கல்லைக் காலால் தள்ளி வெளிக்கதவைச் சாத்தினாள். குசினிக் கதவை அகலத் திறந்தாள். பையில் மிச்சமிருந்த கரியில் இரண்டு கை அள்ளி மேலே போட்டாள். பத்து நிமிடத்தில் குசினிக்குள் இளஞ்சூடு பரவியது. சண்முகலிங்கம் தொப்பியைக் கழற்றினார். ஜொய்சி போர்வையைத் தோளிலிருந்து இறக்கினாள். மூன்றுபேரும் கதிரைகளை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு கால்களை நீட்டினார்கள். கூரை அலாரம் பேசாமல் இருந்தது.

ஒன்றரை மணியிருக்கும். “அம்மா, தலை இடிக்குது,” என்றாள் ஜொய்சி.

எலிசா நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையின் முகம் வெளிறி, மூக்கின்மேல் வியர்த்திருந்தது.

“வயிறு?”

“பிரட்டுது.”

சோளமா. அந்தத் தெரியாத ஆலை. எலிசா பைக்கற்றைப் பாய்ந்து எடுத்தாள். எழுத்துகள் இப்போது இன்னும் மோசமாக ஊர்ந்தன, ஒரு வரியைப் பிடித்துவைக்க முடியவில்லை. ப்ளே இல்லை. எழுதாமல் விட்டிருப்பார்கள். பெரிய கடை திறக்கும்வரை பொறுத்திருக்கலாமே, இன்னும் ஒருநாள் வாழைப்பழத்தோடு இருந்திருக்கலாமே. அல்லது பால். இரண்டுதரம் மணந்தாளே, புளிப்பா கெட்டதா என்று மூக்குக்குத் தெரியவில்லையா? ஜொய்சி எழுந்து தொட்டிப் பக்கம் போய், எட்டும்முன்பே சத்தி எடுத்தாள். மஞ்சளாய்ச் சோளப் பாண் அப்படியே வந்தது. அதைக் கண்டதும் எலிசாவுக்கு எல்லாம் முடிவாயிற்று. தன் கையால் கொடுத்தது. இரண்டாவது துண்டையும் எடுக்கவிட்டது.

“படு குஞ்சு. சூடாப் படு. சரியாப்போம்.”

அறையிலிருந்து மெத்தையை இழுத்துவந்தாள். இழுக்கும்போது தன் கால்கள் பஞ்சுபோல் இருப்பதை உணர்ந்தாள். பிள்ளைக்குக் குளிர் படக்கூடாது என்று மெத்தையை விறாந்தை வாசலுக்குக் கிட்டத்தில், தணலின் சூடு நேரே முகத்தில் படுகிற இடத்தில் போட்டாள். போர்த்தினாள். ஜொய்சி கண்ணை மூடிக்கொண்டாள். சண்முகலிங்கம் கதிரையில் தலை சாய்ந்து, வாய் சற்றுத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வயதான மனிதர், இரண்டு இரவு குளிரில் நித்திரையில்லை, நன்றாகத் தூங்கட்டும். எலிசாவுக்கும் நெற்றியின் இரண்டு பக்கமும் யாரோ பெருவிரலால் அமத்துவதுபோல் இருந்தது. ஒருசந்தியென்றால் மதியத்தில் இப்படித்தான் வரும். வெறுவயிறு. அவள் செபமாலையை எடுத்தாள். எத்தனையாவது மணியில் நிற்கிறாள் என்பது இரண்டு தரம் தவறிப்போனது.

வலன்ரைனுக்கு அழைத்தாள். ஜொய்சியின் தொலைபேசியில் ஐந்து வீதம். அவன் எடுக்க வெகுநேரம் ஆனது. பின்னால் பெட்டிகள் விழும் சத்தம்.

“இஞ்சருங்கோ... பிள்ளை சத்தி எடுத்திட்டாள். அந்த மா. அந்த மாவிலதான் என்னவோ.”

“எத்தினை தரம்? காய்ச்சல் கிடக்கோ?”

“ஒருக்கா. காய்ச்சல் இல்லை. தலையிடிக்குதாம். நித்திரை தூங்கிறாள்.”

“தலையிடியோ? அவளுக்குக் கோதுமை பட்டாத் தலையிடிக்கிறேல்லையே.” கொஞ்சம் நிறுத்தினான். “உனக்கேன் குரல் இழுபடுது?”

“எனக்கும் தலையிடி. பசியாக்கும்.”

“நீயும் சாப்பிட்டனியோ அதை?”

“இல்லை. நான் ஒருசந்தியெல்லே.”

“அப்ப உனக்கு—” என்று அவன் தொடங்கினான். தொலைபேசி செத்தது.

எலிசா கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்ன கேட்கவந்தான் என்று யோசிக்க முயன்றாள். யோசனை தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாக வந்தது. ஐயாவிடம் ஏதாவது மாத்திரை இருக்குமா என்று கேட்கலாம் என்று எழுந்து அவர் பக்கம் போனாள். “ஐயா.” அவர் அசையவில்லை. மடியில் தட்டு சரிந்து நின்றது. தட்டில் சோளப் பாண் துண்டு வெட்டியது வெட்டியபடி முழுதாக இருந்தது. ஒரு மூலைகூட உடையவில்லை. வெள்ளிக்கிழமை, முட்டை போட்டது. ஒவ்வொரு வெள்ளியும் மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் எதுவும் தொடாத மனிதர். அவளுடைய மனம் நோகக்கூடாதென்று வாங்கி மடியில் வைத்திருக்கிறார். சாப்பிடவில்லை.

அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிடவில்லை.

பாண் இல்லை என்று நினைத்தாள். பாண் இல்லையென்றால் வேறென்ன. மூன்று பேருக்கும் பொதுவாய் இந்த அறையில் வேறு என்ன இருக்கிறது. அவளுடைய கண் வாசலில் செக்கச் சிவந்து அமைதியாய்க் கிடந்த தணலில் போய் நின்றது. கார்டெறியில் வருடாவருடம் நடக்கிற பாதுகாப்பு வகுப்பில், மூடிய அறையில் எரியும் கரியின் வாயுவைப்பற்றித் தாடி வைத்த ஒரு மனிதர் சொன்னது எங்கிருந்தோ வந்தது: மணமில்லை, நிறமில்லை, புகை அலாரத்துக்குத் தெரியாது. அப்போது அதை அவள் ஒரு கொப்பியில் எழுதியிருந்தாள்.

இதற்குப்பிறகு நடந்தவற்றின் ஒழுங்கு அவளுக்குச் சரியாக நினைவில்லை. தான் கத்தினாள் என்று நினைத்தாள். ஆனால் ஜொய்சி பிறகு சொன்னாள், நீ ஒரு சத்தமும் போடவில்லை, என் கன்னத்தில் அடித்துக்கொண்டேயிருந்தாய் என்று. பிள்ளை எழும்பவில்லை. அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கியபோது தலை பின்னால் தொங்கியது. பின்கதவு பக்கம் போனால் அடுப்பைத் தாண்டவேண்டும். அதனால் முன்பக்கம். ஓடைபோன்ற நீளமான அந்த வழி, சப்பாத்து அடுக்கு, சைக்கிள், பூட்டு. பூட்டின் திறப்பு விரலுக்குள் அகப்படாமல் சுழன்றது. எங்கள் பிதாவே, எங்கள் பிதாவே என்று அந்த இரண்டு சொல்லுக்கு அப்பால் அவளால் போக முடியவில்லை. கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. பிள்ளையைப் படியில் உறைபனியின்மேல் இருத்திவிட்டு, சுவரில் சாய்த்தாள். ஜொய்சி மூச்சை இழுத்து, இருமி, மறுபடியும் சத்தி எடுத்தாள். கண்ணைத் திறந்தாள்.

“இஞ்ச இரு. அசையாதை. நான் வாறன்.”

“எங்க போற?”

“ஐயா உள்ளுக்கு.”

“அம்மா, போகாதை.” பிள்ளை அவளுடைய பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பலமே இருக்கவில்லை, இரண்டு விரல்தான். எலிசா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுத்தாள். வாசலில் நின்று, நிறையக் காற்றை உள்ளே இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாழ்நாளில் எத்தனையோ பயங்களைப் பார்த்தவள், பதுங்குகுழிக்குள் இருந்திருக்கிறாள். அங்கே சத்தம் வரும், வந்தால் தலையைக் குனியலாம். இங்கே தன் சொந்தக் குசினிக்குள், தன் மேசை, தன் யன்னல் சீலை, எல்லாம் இருந்தபடி இருக்க, எதைக் கண்டு ஓடுவதென்று தெரியாமல் அதற்குள் திரும்பிப் போகவேண்டியிருந்தது.

சண்முகலிங்கம் மெலிந்த மனிதர்தான். ஆனாலும் தூக்க முடியவில்லை. கதிரையைச் சரித்து மெத்தையின்மேல் விழுத்தினாள். தட்டு உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. மெத்தையில் விரித்திருந்த போர்வையின் இரண்டு மூலையையும் பிடித்து, பின்பக்கமாக நடந்து இழுத்தாள். குசினி வாசல் நிலையில் அவருடைய கோட் கொளுவியது. பிடித்துவைத்திருந்த மூச்சு அங்கே உடைந்துபோனது. முழங்கால் மடிந்து இருந்துவிட்டாள். இருந்தால் நல்லாயிருக்கும்போல் இருந்தது. அந்த இளஞ்சூட்டில், சற்றுநேரம். அதுதான் அவள் பிறகு நினைத்து நினைத்து நடுங்கிய இடம்: அந்தக் கணத்தில் அவளுக்குப் பயமே இருக்கவில்லை.

அவளை எழுப்பியது ஒரு ஆணின் கை. முன்வீட்டில் காரின் மேல் இருந்த பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர், படியில் கோட் இல்லாமல் இருந்த பிள்ளையைக் கண்டு ஓடிவந்திருக்கிறார். “மடாம், மடாம்!” என்று அவர் கத்துவது தூரத்தில் கேட்டது. அவளை இழுத்து வெளியே போட்டார். கழுத்துத்துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போய், போர்வையோடு ஐயாவையும் இழுத்துவந்தார். இழுத்துவந்து பனியின்மேல் முழங்காலில் நின்று, கிழவரின் வாய்க்குக் கிட்டத் தன் காதை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். அந்த நேரம் முழுவதும் எலிசா அவருடைய முகத்தையே பார்த்தாள், ஒரு செய்தியும் அதில் வரவில்லை.

தீயணைப்புக்காரர் வாசலுக்குள் ஒரு அடி வைத்ததும் இடுப்பில் இருந்த கருவி கீச்சிட்டது. அது நிற்கவேயில்லை. ஒருவன் இரண்டு கையுறையோடு அடுப்பைத் தூக்கிவந்து தெருவோரச் சேற்றுப்பனியில் கவிழ்த்தான். அப்போதுதான் முதன்முதலாகப் புகை வந்தது. இன்னொருவன் வெறும் பேச்சுக்குக் கேட்பதுபோல், எவ்வளவு நேரமாக எரிந்தது, கதவு திறந்திருந்ததா என்று கேட்டான். எலிசாவுக்குக் கார்டெறிப் பிரெஞ்சு தெரியும்; சாப்பிட்டாயா, கைகழுவு, அழாதே. கதவை நான் சாத்தினேன் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரிந்தும் வாய் வரவில்லை.

வலன்ரைன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஐந்து மணி. டோர்வலில் போடுகிற செம்மஞ்சள் ஜக்கெற்றோடு வந்திருந்தான். அழைப்பு அறுந்ததும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஓட்டி, வாசலில் மஞ்சள் நாடா கட்டியிருப்பதைக் கண்டவன். அவன் முகத்தில் இரத்தமே இருக்கவில்லை. ஜொய்சியின் கட்டிலடியில் நின்று அவளுடைய காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு எலிசாவின் பக்கம் வந்தான்.

“நான் அந்தச் சனியனை உள்ளுக்குக் கொண்டந்திருக்கக் கூடாது,” என்றான்.

“நீங்கள் கதவைத் திறந்து வைக்கச் சொன்னனீங்கள்.” ஒட்சிசன் முகமூடிக்குள்ளிருந்து அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “சாத்தினது நான். கரி போட்டதும் நான்.”

அவன் அவளுடைய உள்ளங்கையில் ஒட்டியிருந்த கரியை ஜக்கெற்றின் கை நுனியால் துடைக்கத் தொடங்கினான். அது போகவில்லை, பரவியது. அவன் துடைத்துக்கொண்டேயிருந்தான்.

“ஐயாவின்ரை மகனுக்குச் சொல்லியாச்சோ?” என்று எலிசா கேட்டாள்.

“சொன்னனான். வெளிக்கிட்டிட்டாராம். இரவாகும் வந்துசேர.” சற்றுப் பொறுத்து, “என்ன நடந்தது எண்டு கேட்டவர். பேந்து சொல்லுறன் எண்டு சொன்னன்,” என்றான்.

டொக்டர் ஒரு இளம்பெண். இரத்தத்தில் விஷவாயு ஒட்டியிருக்கிறது, இரும்புக் கூடு ஒன்றுக்குள் வைத்து, அழுத்தம் ஏற்றிய ஒட்சிசனால் அதைக் கழற்றவேண்டும் என்று மெதுவான பிரெஞ்சில் சொன்னாள். பிள்ளை தப்பிவிடுவாள் என்றாள்; ஆனால் சில கிழமைகளுக்கு ஞாபகம், பேச்சு, நடை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கவேண்டும், சிலருக்கு நாள் கழித்தும் வரும். என்ன வரும் என்று அவள் சொல்லவில்லை. எலிசாவும் கேட்கவில்லை. அந்த முதியவரைப்பற்றிக் கேட்டபோது டொக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “இப்போதைக்கு ஒன்றும் சொல்லமுடியாது, மடாம்.”

மூன்று பேரையும் ஒன்றாகவே அந்த இரும்புக் கூட்டுக்குள் கொண்டுபோனார்கள். ஒரு சிறிய பஸ்ஸின் உள்பக்கம்போல் இருந்தது. வட்ட யன்னல்கள், வெள்ளை வெளிச்சம், ஒரு தாதி. எலிசாவின் தலைக்கும் ஜொய்சியின் தலைக்கும் கழுத்துவரை கண்ணாடிபோன்ற உறை போட்டார்கள். கனத்த கதவு மூடி, காற்று ஏறத் தொடங்கியது. காது வலித்தது. விழுங்குங்கள், விழுங்குங்கள் என்று தாதி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். எலிசாவின் வாயில் விழுங்க எச்சில் இல்லை.

வட்ட யன்னலில் வலன்ரைனின் முகம் ஒருதரம் தெரிந்து மறைந்தது. எதிரே சண்முகலிங்கம் படுத்திருந்தார். வாய்க்குள் குழாய். நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் அது அவருடைய மூச்சல்ல, பக்கத்தில் நின்ற இயந்திரத்தின் மூச்சு. வெள்ளைப் போர்வை குட்டையாக இருந்ததால் கால்கள் வெளியே தெரிந்தன. குளிருக்கு அவர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சோடி காலுறை போட்டிருந்தார். மேலே இருந்த சோடியில் ஒன்று சாம்பல், மற்றது நீலம். வலதுகாலின் பெருவிரல் பக்கம் ஓட்டையாகி, உள்ளே இருந்த கறுப்புக் காலுறை தெரிந்தது.

ஜொய்சி உறைக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். சத்தம் வரவில்லை. எலிசா தலையை அசைத்தாள், கேட்கவில்லை என்று. பிள்ளை கையைத் தூக்கி, அந்தக் கால்களைக் காட்டினாள்.

எலிசா பார்த்தாள். ஓட்டைக்குள் அந்தக் கறுப்பு நிறம் அசைந்ததுபோல் இருந்தது. தரையும் அசைந்துகொண்டுதான் இருந்தது; காற்று ஏற ஏறக் கூடு முழுவதும் மெல்ல அதிர்ந்தது. அவள் தாதியைக் கூப்பிடக் கையைத் தூக்கப்போய், பாதியில் நிறுத்தி, இன்னொருதரம் பார்த்தபின் கூப்பிடலாம் என்று, கண்ணிமைக்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜொய்சியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.